மார்க்கில் வையுங்கள், லோடில் சரிபாருங்கள்

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஆலங்குடி பக்கம் வடகாடு. அப்பா வாங்கிய மஹிந்திரா எஃப்.சி. 150 பெட்ரோல் வண்டி எங்களிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் பலாப்பழம், வாழைத்தார் என்று தோட்டத்துச் சரக்கெல்லாம் அதில்தான் சந்தைக்குப் போனது. கொட்டகையில் வெகுநாள் நின்ற வண்டியைச் சென்ற ஆண்டு ஓட வைத்தோம், நன்றாகவே ஓடியது. ஆயில் பம்ப் ஓரமாகக் கசிவு தெரிந்ததால் பம்பைக் கழற்றி கேஸ்கட் மாற்றினோம். அன்றிலிருந்து தொல்லைதான். நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. இழுவை இல்லை, கொஞ்ச தூரம் போவதற்குள் தண்ணீர் கொதிக்கிறது, சைலன்சரில் வெடிச் சத்தம். டிஸ்ட்ரிபியூட்டரை முட்டும் வரை திருப்பியும் சரியாகவில்லை. இன்னொரு மெக்கானிக் பாயின்ட் இடைவெளியைப் பெரிதாக்கினார். இழுவை கொஞ்சம் வந்தது. ஆனால் வேகம் எடுத்தால் எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கிறது. காதால் கேட்டு டைமிங் வைப்பது சரியா? இ-20 பெட்ரோலுக்குத் தனி டைமிங் வேண்டுமா? எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா? என் மைத்துனரிடம் பழைய டாடா லாரி இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

— வாசகர், வடகாடு, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: ஆயில் பம்பைக் கழற்றும் வரை வண்டி நன்றாக ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு எங்கே என்பதற்கு அந்த ஒரு வரியே போதும். உங்கள் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது ஆயில் பம்பின் தண்டு. பம்பின் பல்சக்கரம் கேம் ஷாஃப்ட்டோடு கோத்து ஓடுகிறது. எஞ்சினின் மறுபக்கத்தில் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கு அந்தத் தண்டின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து சுழல்கிறது. பம்பைத் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் ஆயில் பம்ப் வேலையில் எந்தக் குறையும் தெரியாது. டைமிங் மட்டும் இடம் மாறிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரை முட்டும் வரை திருப்பியும் போதாமல் போனது இதனால்தான்.

பின்னால் தங்கிவிட்ட டைமிங்கின் அடையாளங்கள்தான் நீங்கள் சொன்னவை அத்தனையும். ஸ்பார்க் தாமதமாக விழுந்தால், பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட் வால்விலும் மேனிஃபோல்டிலும் தண்ணீரிலும் போய்ச் சேரும். அதனால்தான் இழுவை குறைகிறது, தண்ணீர் கொதிக்கிறது, மீந்தது சைலன்சரில் வெடிக்கிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்தும் கொதிப்பு நிற்காத பழைய பெட்ரோல் வண்டி எதுவானாலும், தெர்மோஸ்டாட்டில் கை வைக்கும் முன் டைமிங்கைப் பாருங்கள்.

உங்கள் கையில் இருக்கும் எஞ்சின்

எஃப்.சி. 150 இந்தியாவில் 1965 முதல் தயாரான வண்டி. அமெரிக்காவின் வில்லீஸ் நிறுவனம் 1956 இறுதியில் கொண்டுவந்த வண்டியின் வழியில் வந்தது. டிரைவர் இருக்கை முன்சக்கரத்தின் மேல் இருக்கும். எஞ்சின் கேபினுக்குள்ளேயே மூடியின் கீழ் இருக்கும். உள்ளே இருப்பது ஜீப்பின் அதே நான்கு சிலிண்டர் ஹரிகேன் எஞ்சின், சுமார் 2,200 சி.சி. இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் அமைப்பு. கம்ப்ரஷன் விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. குறைந்த வேகத்தில் பொறுமையாக இழுக்கப் படைத்த எஞ்சின் இது. 1970களில் பெட்ரோல் விலை ஏறிய பிறகு இந்த வண்டிகள் பலவற்றில் டீசல் எஞ்சின் ஏறிவிட்டது. பெட்ரோல் எஞ்சினோடு ஒன்று உங்கள் கொட்டகையில் இருக்கிறது என்றால், அதைச் சரியாகப் பார்த்துக்கொள்வது நல்ல காரியம்.

இதற்கான அளவுகள் நான்கு. அடிக்கும் வரிசை 1-3-4-2. ஸ்பார்க் விழ வேண்டிய இடம் டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு, 5 டிகிரி முன்னால். பிளக் இடைவெளி 30 தவ், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் முப்பது பங்கு, 0.75 மி.மீ. பாயின்ட் இடைவெளி, மூல டிஸ்ட்ரிபியூட்டரானால் 20 தவ், 0.50 மி.மீ. இடையில் யாராவது லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர் போட்டிருந்தால் அதற்கு 14 முதல் 16 தவ் வரைதான். எனவே முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று துடைத்துப் பாருங்கள்.

ஏன் 5 டிகிரி முன்னால்?

சைக்கிள் பெடலை எப்போது மிதிக்கிறோம்? அது உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் முன்னே சாய்ந்ததும். உச்சிக்கு வரும் முன்பே முழு எடையையும் வைத்தால் பெடல் திருப்பி உதைக்கும். பாதி இறங்கிய பிறகு மிதித்தால் பலன் இல்லை. எஞ்சினிலும் எரியும் வாயுவின் உச்ச அழுத்தம் பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரியில் வர வேண்டும். ஆனால் பெட்ரோல் ஒரே நொடிப்பொழுதில் எரிந்து முடிவதில்லை; தீ பரவச் சில மில்லிசெகண்டுகள் ஆகும். அதற்குள் எஞ்சின் எவ்வளவு சுற்றும் என்று கணக்குப் போடுங்கள். 600 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லிசெகண்டுக்கு 3.6 டிகிரி. 3,000 ஆர்.பி.எம்.மில் 18 டிகிரி. ஆகவே வேகம் கூடக் கூட ஸ்பார்க் முன்னதாக விழ வேண்டும். அதைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் தட்டின் கீழே இருக்கும் இரண்டு எடைகளும் ஸ்பிரிங்குகளும். நாம் வைக்கும் 5 டிகிரி தொடக்கப் புள்ளி மட்டுமே. மீதியை அந்த எடைகள் பார்த்துக்கொள்ளும். வெகுநாள் நின்ற வண்டியில் அவை துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். ரோட்டாரைக் கையால் அது சுற்றும் திசையில் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங்கின் வலுவில் அது தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பாயின்ட் முதலில், டைமிங் அப்புறம்

இரண்டாவது மெக்கானிக் செய்ததைப் பார்ப்போம். பாயின்ட் இடைவெளியைப் பெரிதாக்கினால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும். டைமிங் முன்னே நகரும். அதனால்தான் இழுவை கொஞ்சம் திரும்பியது. ஆனால் சீக்கிரம் திறக்கும் பாயின்ட் தாமதமாகவே மூடும். மூடியிருக்கும் நேரத்தில்தான் காயிலில் மின்சாரம் ஏறுகிறது. வேகம் கூடும்போது அந்த நேரம் மேலும் சுருங்கி, காயில் நிறையாமல் ஸ்பார்க் பலவீனமாகிறது. வேகத்தில் எஞ்சின் விட்டுவிட்டு அடிப்பது இதனால்தான். டைமிங்கைத் திருத்தப் பாயின்ட் இடைவெளியைத் தொடவே கூடாது.

இடைவெளி குறைந்தால் இதற்கு நேர்மாறு. பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் கேமில் உரசித் தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் பின்னால் போகும். ஆகவே வரிசை எப்போதும் இதுதான்: பிளக், பாயின்ட், டைமிங், கடைசியாகக் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றும் மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

பாயின்ட் முகத்தில் குழியும் மேடும் இருந்தால் ஃபீலர் கேஜ் பொய் அளவு காட்டும். புதிது போடுவதே நல்லது. முகம் கருநீலமாகக் கருகியிருந்தால் கண்டென்சரையும் மாற்றுங்கள். கேமின் மேல் துளி கிரீஸ் தடவுங்கள். அதிகமானால் தெறித்துப் பாயின்ட்டில் ஒட்டும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. அந்த நிலையில் எந்த அளவும் நிலைக்காது.

ஆயில் பம்பைத் திரும்ப உட்கார வைத்தல்

இனி உண்மையான வேலைக்கு வருவோம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு நான்கு பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள்; எஞ்சின் லேசாகச் சுற்றும். சமதளத்தில் டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னே தள்ளினாலே போதும். ஒன்றாம் சிலிண்டர், அதாவது ரேடியேட்டர் பக்கம் இருப்பது, அதன் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது அது கம்ப்ரஷனில் ஏறுகிறது என்று பொருள். விரலை எடுத்துவிட்டு மார்க்கைப் பாருங்கள். இந்த எஞ்சின்களில் மார்க் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும். சிலவற்றில் முன்பக்கம் கிராங்க் புல்லியில் ஒரு வெட்டும், டைமிங் கவரில் டி.டி.சி., 5, 10 என்ற கோடுகளும் இருக்கும். மற்றவற்றில் ஃபிளைவீல் மூடியின் சிறு துளை வழியே ஃபிளைவீலில் பொறித்த எழுத்து தெரியும். பல வருட ஆயில் அழுக்கின் கீழ் இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளை பெயின்ட் மெல்லியதாகப் பூசிவிடுங்கள்.

5 டிகிரி மார்க் நேர்வந்ததும் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து நிறுத்தக் கூடாது. நன்றாகப் பின்னுக்குப் போய், எஞ்சின் ஓடும் திசையில் திரும்ப முன்னே வந்து மார்க்கைப் பிடிக்க வேண்டும். பல்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தளர்வு அப்போதுதான் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப இடம் தரும் நீள்துளையின் நடுவில் அதன் போல்ட் நிற்கும்படி வைத்து, கேப்பைத் திறந்து பாருங்கள். ரோட்டார் ஒன்றாம் பிளக் வயரின் முனைக்கு நேராக நிற்க வேண்டும். பாயின்ட் திறக்கும் தறுவாயில் இருக்க வேண்டும். நன்றாகத் தள்ளி நின்றால் பல் மாறியது உறுதி. பம்பின் போல்ட்டுகளைக் கழற்றி, பம்பைச் சற்றே வெளியே இழுத்து, பல்சக்கரத்தை ஒரு பல் நகர்த்தித் திரும்ப உள்ளே தள்ளிப் பாருங்கள். பின்னால் தங்கிய டைமிங்கை முன்னே கொண்டுவர ரோட்டார் தான் சுற்றும் திசையிலேயே முன்னேற வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஒரே ஒரு நிலையில்தான் பள்ளத்தில் இறங்கும். பலவந்தம் வேண்டாம்.

பம்பை மாட்டும் முன் அதனுள் ஆயில் ஊற்றி நிரப்புங்கள். காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்கத் தாமதிக்கும். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் கேஜில் முள் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் எஞ்சினை ஓட விட வேண்டும். டைமிங்குக்காக அவசரப்பட்டு பேரிங்கைப் பலி கொடுத்துவிடக் கூடாது.

டெஸ்ட் லேம்ப் போதும்

டைமிங் வைக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு 12 வோல்ட் சிறு பல்பு, இரண்டு வயர். ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் காயிலிலிருந்து வரும் மெல்லிய வயர் சேரும் இடத்திலும், மற்றதை எஞ்சின் பாடியிலும் வையுங்கள். மார்க் 5 டிகிரியில் இருக்கட்டும். பேட்டரியை இணைத்துச் சாவியைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது, திறந்தால் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை ரோட்டார் சுற்றும் திசையில் திருப்பிப் பல்பை அணையவிட்டு, பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு மினுக்கென்று எரியும் அந்த இடத்தில் நிறுத்தி போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது நகரும் என்பதால், எஞ்சினை இரண்டு முழுச் சுற்று முன்னே கொண்டுவந்து, மார்க்கில் பல்பு எரிகிறதா என்று மறுபடி பாருங்கள். முடிந்ததும் சாவியை அணைக்க மறக்காதீர்கள். பாயின்ட் மூடியபடி சாவி போட்டிருந்தால் காயில் சூடாகிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றுச் சுற்ற கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும். ஆகவே இங்கே 1 டிகிரி திருப்பினால் கிராங்க்கில் 2 டிகிரி மாறும். உங்கள் கை எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

டைமிங் லைட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஓடும் எஞ்சினின் மார்க்கில் அதன் ஒளியைப் பாய்ச்சினால், மார்க் நின்ற இடத்தில் நிற்பதுபோல் தெரியும். ஐடிலிங்கில் 5 டிகிரி காட்ட வேண்டும். வேகம் கூட்டினால் மார்க் சீராக முன்னே நகர வேண்டும். நகரவில்லை என்றால் எடைகள் ஒட்டியிருக்கின்றன. ஒரே வேகத்தில் மார்க் இங்குமங்கும் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது டைமிங் பல்சக்கரத்தில் தளர்வு இருக்கிறது. இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள். ஃபேனுக்கு அருகே துண்டோ தொங்கும் சட்டையோ வேண்டாம்.

காதுக்கு என்ன வேலை?

நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, எங்கே அதிக வேகத்தில் ஓடுகிறதோ அங்கே இறுக்குவதைத்தான் காதால் கேட்டு வைப்பது என்கிறார்கள். லோடு இல்லாத எஞ்சின் அளவுக்கு மீறிய அட்வான்ஸிலும் இனிமையாகவே ஓடும். அதே எஞ்சின் சரக்கோடு மேடு ஏறும்போது அடிவாங்கும். ஸ்பார்க் விழுந்து தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் நெருக்குண்ட மிச்ச வாயு தானாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். அந்தச் சத்தம் நீடித்தால் பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் பழுதாகும். சூடான எஞ்சினில் செல்ஃப் திருப்பி உதைப்பதும் அதே நோயின் அடையாளம். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் வண்டியானால் மணிக்கட்டே முறியும். கட்டைவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது அதற்காகத்தான்.

காதுக்கு வேலை கடைசியில், அதுவும் சாலையில்தான். மார்க்கில் வைத்த பிறகு வழக்கமான பாதிச் சரக்கை ஏற்றுங்கள். உங்கள் பக்கம் மலைச்சாலை இல்லை. ஒரு பாலத்தின் ஏற்றம் போதும். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கட்டும். டாப் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்துங்கள். சத்தமில்லாமல் இழுத்தால் தொடாதீர்கள். சில நொடி மெல்லிய கிணுகிணுப்பு வந்து அடங்கினாலும் பாதகமில்லை. ஏற்றம் முழுவதும் அடித்தால் 1 அல்லது 2 டிகிரி பின்னால் கொண்டுவந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இ-20க்குத் தனி டைமிங் வேண்டாம்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இதன் ஆக்டேன் பழைய 91ஐ விட அதிகம். உங்கள் எஞ்சின் பிறந்த காலத்துப் பெட்ரோலை விட மிகவும் அதிகம். நாக்கிங்கைத் தாங்கும் சக்தி கூடியிருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். டைமிங்கை முன்னே தள்ள வேண்டும் என்பதல்ல. 5 டிகிரியிலேயே இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியது கார்புரேட்டர். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்குச் சுமார் பதின்மூன்றரை. இன்றைய வண்டிகள் சென்சார் வைத்து இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். உங்கள் கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதனால் கலவை மெலிந்து, எஞ்சின் சூடாகும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தடுமாறும். டைமிங் சரியான பிறகும் அந்தத் தடுமாற்றம் இருந்தால் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

எலக்ட்ரானிக் இக்னிஷனும் டீசலும்

பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டால் தேய்மானம் இல்லை, இடைவெளி பார்க்கும் வேலை இல்லை. ஆனால் மார்க்கில் வைக்கும் வேலை அப்படியே இருக்கும். ஒட்டிக்கொண்ட எடையையும் பல் மாறிய பம்பையும் அது குணப்படுத்தாது. முதலில் இருப்பதைச் சரி செய்யுங்கள். அதன் பிறகும் மாற்ற விரும்பினால் மாற்றுங்கள். பழைய பாயின்ட் தட்டையும் கண்டென்சரையும் வண்டியிலேயே வைத்திருங்கள். மாட்யூல் வழியில் நின்றால் எந்த ஊரிலும் கைகொடுக்கும்.

மைத்துனரின் டாடா லாரி டீசல்; அதில் ஸ்பார்க்கே இல்லை. நாசிலில் டீசல் பாயும் நேரம்தான் அங்கே டைமிங். டாடாவின் பழைய எஞ்சின்களில் பெயரே அளவைச் சொல்லும்: 692 என்றால் 6 சிலிண்டர், 92 மி.மீ. போர், 697 என்றால் 97 மி.மீ. ஆறு சிலிண்டரில் அடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. டைமிங் பார்க்க, ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் மார்க்குக்குக் கொண்டுவந்து, பம்பில் அதன் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு வளைந்த குழாய் மாட்டுவார்கள். தாரையாக வரும் டீசல் சொட்டாக மாறும் இடமே பாயத் தொடங்கும் நேரம். கப்ளிங்கைத் திருப்பி அதை மார்க்கோடு பொருத்துவார்கள். டிகிரி அளவு எஞ்சினுக்கு எஞ்சின், பம்புக்குப் பம்ப் மாறும். அந்த எஞ்சினின் தகட்டிலும் கையேட்டிலும் இருப்பதை மட்டுமே நம்ப வேண்டும். டெலிவரி வால்வில் ஒரு தூசி விழுந்தாலும் பம்ப் கெடும். எனவே அதை பம்ப் சர்வீஸ் செய்பவரிடமே விடச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டியைப் பார்த்த இரண்டு மெக்கானிக்குகள் மீதும் கோபப்படாதீர்கள். இந்த எஞ்சினின் கையேடு அவர்கள் கைக்கு வந்ததே இல்லை. இதைப் பழகிய தலைமுறை எழுதி வைக்காமல் போய்விட்டது. அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்யுங்கள். 1-3-4-2, 5 டிகிரி, 20 தவ், 30 தவ் என்பதை ஒரு அட்டையில் எழுதி எஞ்சின் மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் என்று தெரிந்தால் 20 தவ்வை அடித்துவிட்டு அதன் அளவை எழுதுங்கள். அதற்குக் கீழே, ‘ஆயில் பம்பைக் கழற்றும் முன் ஒன்றாம் சிலிண்டரை மார்க்கில் நிறுத்து’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு அது பயன்படும்.